செக்கிங் சாரின் நற்சான்று

"சாவிக்கொத்தைக் கழட்டி மேசை மேல வைங்க" என்றார் புது டாக்டரம்மா.

செக்கிங் சாரின் வலது கை தானாக இடுப்புக்குப் போய் சாவிக்கொத்தைப் பொத்திக்கொண்டது. தொடை எரிகிறது என்று வந்தவரை நாக்கை நீட்டச் சொல்லலாம், மூச்சை இழுத்து விடச் சொல்லலாம். சாவியைக் கேட்கிற வைத்தியம் என்ன வைத்தியம்?

"எதுக்கு?"

"இடுப்புப் பக்கம் அழுத்திப் பாக்கணும். இது நடுவுல இடிக்குது."

"பரவால்ல. இடிச்சா இடிக்கட்டும், நீங்க அழுத்துங்க."

"எனக்குக் கை வலிக்கும் சார்."

செக்கிங் சார் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அங்கே பிறக்கிற ஒவ்வொரு பூட்டும் அவர் கையால் இழுபட்டு, தட்டுப்பட்டு, திட்டுப்பட்ட பிறகுதான் வெளியுலகம் காணும். 'திறக்கிற பூட்டெல்லாம் நல்ல பூட்டு இல்லை, திறக்காத பூட்டெல்லாமும் நல்ல பூட்டு இல்லை' என்பது அவருடைய பொன்மொழி. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. அவருக்காவது தெரிந்திருக்கும் என்று தொழிற்சாலையே நம்பியது. தொழிற்சாலைப் பழக்கம் வீதிக்கும் வந்துவிட்டது. முட்டை வாங்கினால் காதருகே வைத்துக் குலுக்குவார். யாராவது சிரித்தால் அந்தச் சிரிப்பையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். ஆகவே தெருவில் அவருக்கு 'செக்கிங் சார்' என்று பெயர். அந்தப் பெயரைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சாவிக்கொத்து அந்தப் பட்டத்தின் குஞ்சம். வீட்டில் பூட்டக்கூடியது எல்லாம் பூட்டப்பட்டிருந்தது. பூட்ட முடியாதவற்றுக்கு அவர் கொக்கி வைத்துப் பூட்டினார். அவர் நடந்து வந்தால் குதிரைவண்டி ஒன்று தெரு திரும்புகிற மாதிரி சத்தம் கேட்கும்.

வேறு வழியில்லாமல் கழற்றி வைத்தார். டாக்டரம்மா அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். சுவரில் ஒன்றும் இல்லை. சாவி முதுகுக்குப் பின்னால். செக்கிங் சாருக்கு முதுகில் கண் முளைக்காத குறை.

"எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே வேலை பாப்பீங்க?"

"காலைல போனா சாயங்காலம் வரைக்கும்."

"இத்தனை சாவியும் எதுக்கு சார்?"

"வீட்டுக்கு."

"பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க?"

செக்கிங் சார் சுவரைப் பார்த்தபடியே புருவத்தை உயர்த்தினார். தொடைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

"சில நாள் மனைவி இருப்பாங்க. சில நாள் அவங்க தம்பி வீட்டுக்குப் போவாங்க" என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பின்னால் குழாய் திறக்கும் சத்தம். கை கழுவும் சத்தம். பிறகு சாவிக்கொத்து கிலுங்கும் சத்தம்.

"எழுந்திருங்க சார். இந்தாங்க உங்க சாவி. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. இடுப்பு ஓரமா ஒரு நரம்பு தொடைக்குப் போகுது. நீங்க பெல்ட்டை இறுக்கிக் கட்டி, அதுல இந்தக் கொத்தை மாட்டி, நாள் பூரா நிக்கறீங்க. நரம்பு நசுங்கி எரியுது. பெல்ட்டைத் தளர்த்துங்க, சாவியை இடுப்புல மாட்டாதீங்க. சரியாயிடும்."

செக்கிங் சார் காத்திருந்தார். இது முன்னுரைதானே, இனிமேல்தானே வைத்தியம் என்று.

"ஊசி?"

"வேணாம்."

"மாத்திரை?"

"தேவையில்ல."

"ஒரு ஸ்கேன்?"

"எதை சார்?"

"எதையாவது!"

டாக்டரம்மா சிரித்தார். செக்கிங் சார் அந்தச் சிரிப்பைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ காலியாக இருந்தது போலிருந்தது.

தெருமுனையில் இருந்த அந்தக் குடும்ப டாக்டர் கிளினிக்கில் இரண்டு அறைகள். ஒன்றில் பெரிய டாக்டர், முக்கால்வாசி ஓய்வில் இருப்பவர். இன்னொன்றில் அவருக்குப் பிறகு கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர்தானா என்று சோதித்துப் பார்க்கப்படுகிற யாராவது ஒரு புது டாக்டர். அந்தச் சோதனைக்கால டாக்டர்கள்தான் செக்கிங் சாருக்கு எப்போதும் வாய்ப்பார்கள். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் பெண்மணியை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். அவள் இவர் தலை தெரிந்ததுமே, "வாங்க சார், உங்களைப் புது டாக்டர்தான் பாக்கணுமாம்" என்பாள். தன் தொடையின் பெருமை உள்ளே பரவியிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இதற்கு முன்னால் மூன்று பேர். முதலாமவர் இவர் லேசாகத் திரும்பினாலே ஊசி போட்டார். இரண்டாமவர் பெயிண்ட் கடை விளம்பரம் போல எல்லா நிறத்திலும் மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் ஸ்கேன் ஸ்கேனாக எடுத்து, செக்கிங் சார் உள்ளே எப்படியிருப்பார் என்பதை உலகறியச் செய்தார். தொடை என்னவோ எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் மூவரையும் பற்றிப் பெரிய டாக்டரிடம் போய் வாயாரப் புகழ்ந்துவிட்டு வந்தார். மூவரும் அடுத்தடுத்துக் காணாமல் போனார்கள். அதில் அவருக்கு ஆச்சரியமில்லை. திறமைசாலியை எந்த நிர்வாகம் விட்டுவைத்திருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"சாவியைக் கழட்டணுமாம்."

"அப்பாடா!" என்று அவள் கைகூப்பினாள். "கெட்டிக்காரப் பொண்ணு. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு போட்ட வீடு எங்கயாவது உண்டான்னு நானும் கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறேன். நான் சொன்னா அது வாய்க்கொழுப்பு. டாக்டர் சொன்னா வைத்தியம்."

"அவ டாக்டரே இல்லடி."

"பின்ன?"

செக்கிங் சார் சாவிக்கொத்தை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். முகம் இருண்டது.

"சோப்பு வாசனை."

"கை கழுவிட்டு எடுத்துக் குடுத்திருப்பாங்க."

"உனக்கென்ன தெரியும்? சோப்புல சாவியை அழுத்தினா அச்சு அப்படியே விழும். அச்சிருந்தா கள்ளச்சாவி அரை மணி நேர வேலை. வீட்டுல பகல்ல யாருன்னு கேட்டா. நான் எப்போ திரும்புவேன்னு கேட்டா. சுவரைப் பாத்துப் படுக்க வெச்சா. சாவியைக் கழட்ட வெச்சா. இதெல்லாம் வைத்தியமா?"

"ஏங்க, அந்தம்மா கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு இருந்திருக்குமே."

"பூட்டுக்குள்ள சத்தம் கேக்கறதுக்கும் அதைத்தான் வெச்சுக்குவாங்க."

இதற்குமேல் பேசினால் தன் கழுத்துச் சங்கிலிக்கும் பூட்டு வரும் என்று மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வரவழைக்கப்பட்டான். பள்ளி வேன் ஓட்டுபவன். வேன் எந்த அளவோ அவனும் ஏறக்குறைய அந்த அளவு. துளை போடும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ன அத்தான், இருக்கிற பூட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

"அச்சு வெளிய போயிடுச்சு."

"எந்த அச்சு?"

"பேசாம துளையைப் போடு."

வாசல் கதவு, பின் கதவு, பீரோ, ஃப்ரிட்ஜ், சர்க்கரை டப்பா, எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையின் புத்தம் புதுப் பூட்டு. செக்கிங் சார் தாமே சோதித்து, 'இதன் சாவியைத் தவிர இதை எதுவும் திறக்காது' என்று முத்திரை குத்திய ரகம். பழைய சாவியைவிட ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு கனம். பழைய சாவிகளையும் அவர் எறியவில்லை. எறிந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்களே. புதியதும் பழையதுமாகக் கொத்து ஒரு பலாப்பிஞ்சு அளவுக்கு வந்தது. அதைத் தாங்க பெல்ட்டை இன்னும் ஓர் ஓட்டை இறுக்கினார்.

தொடை எரிந்தது. முன்பு எரிந்தது வெறும் ஒத்திகை என்று தோன்றும்படி எரிந்தது.

"பாத்தியா?" என்றார் நொண்டியபடியே, மனைவியிடம். "அவகிட்ட போனப்புறம் அதிகமாயிடுச்சு. கைராசி!"

நேராகப் பெரிய டாக்டரிடம் போனார். கள்ளச்சாவி விஷயத்தை இப்போதைக்குச் சொல்வதில்லை, ஆதாரம் சிக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். வைத்தியத்தை மட்டும் பிடித்தார்.

"டாக்டர், அந்தம்மா டாக்டரே இல்ல!" அறைக் கதவு திறந்திருந்ததால் காத்திருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

பெரிய டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், என்ன ஆச்சு? ஊசி போடலையா?"

"போடல."

"நீங்க கேட்டுமா?"

"வாய்விட்டுக் கேட்டேன்!"

"மாத்திரை?"

"ஒண்ணுகூட இல்ல. ஸ்கேன் கேட்டா, எதைன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. அதை நானா சொல்லணும்? பெல்ட்டைத் தளர்த்தணுமாம். அதைச் சொல்ல டாக்டர் எதுக்கு, தையல்காரன் போதுமே!"

பெரிய டாக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எழுந்து மேசையைச் சுற்றி வந்து, இரண்டு கையாலும் செக்கிங் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றி சார். இவ்வளவு கோபமா யாரும் எங்கிட்ட பேசினதில்ல. நான் கவனிச்சுக்கறேன்."

புகார் சொன்னவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று செக்கிங் சாருக்குச் சந்தேகம் வந்தது. பிறகு, மரியாதை தன் பதவிக்கு என்று புரிந்துகொண்டு மார்பை நிமிர்த்தினார். பெல்ட் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

அன்று மாலை வீட்டில் அடுத்த யோசனை பிறந்தது. தொழிற்சாலையிலும் கைகள் உண்டு, சோப்பும் உண்டு. சாவிக்கொத்து ஊர் சுற்றுவதே ஆபத்து. வீட்டில் இருக்கும்போதாவது பத்திரமான இடத்தில் இருக்கட்டும். வீட்டிலேயே பத்திரமான இடம் பீரோ. பேன்ட்டைக் கழற்றினார், பெல்ட்டோடும் கொத்தோடும் அப்படியே பீரோவுக்குள் தொங்கவிட்டார். துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

'க்ளக்.'

புது ரகத்தின் விசேஷமே அதுதான். சாவி போட்டுப் பூட்ட வேண்டாம், தள்ளினாலே பூட்டிக்கொள்ளும். அந்த 'க்ளக்'கைக் கேட்டுத் தொழிற்சாலையில் அவர் எத்தனையோ முறை புன்னகைத்திருக்கிறார். இப்போதும் பழக்க தோஷத்தில் புன்னகைத்தார். பாதிப் புன்னகையில் விஷயம் உறைத்தது.

"மாத்துச் சாவி எங்க?" என்றாள் மனைவி.

"கொத்துல."

"ரெண்டையும் ஒரே கொத்துலயா கோத்தீங்க?"

"தனியா வெச்சா யாராவது எடுத்துட மாட்டாங்களா?"

அவள் சமையலறைக்குப் போய்ப் பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் கறுப்பாக ஒரு டீ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பால் ஃப்ரிட்ஜுக்குள், சர்க்கரை டப்பாவுக்குள், இரண்டின் சாவியும் பீரோவுக்குள்.

பேன்ட்டுகள் எல்லாமே பீரோவில்தான். மைத்துனன் தன் பேன்ட் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். அதில் செக்கிங் சாரும் நுழைந்தார், கூட இன்னொருவர் வந்தாலும் இடம் இருந்தது. பெல்ட் இல்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம்.

மறுநாள் சாவி செய்பவர் வந்தார். குந்தி உட்கார்ந்து கம்பியை விட்டுப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, இப்படி ஒரு பூட்டை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. இதை செக் பண்ணி அனுப்பினானே, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

செக்கிங் சாருக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த நேரத்தில் என்ன பாராட்டு!

"உடைச்சுடலாமா?"

"உடைக்கறதா? இந்தப் பூட்டையா? வாயைக் கழுவுங்க!"

"அப்படின்னா ஒரே வழிதான். இந்தக் கம்பெனியில ஒரு ஆபீசர் இருக்காராம். அவர்கிட்ட தனிக் கருவி இருக்காம். அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவர் லீவுல இருக்கார்" என்றார் செக்கிங் சார். அந்தக் கருவி பீரோவுக்குள் பேன்ட் பாக்கெட்டில் இருந்ததை அவர் சொல்லவில்லை.

வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பத் திறக்க வழியில்லாததால் அவர் உண்மையாகவே லீவு போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் திருட்டுப் பார்வையா, வெறும் பார்வையா என்று தரம் பிரித்தார். பகலெல்லாம் இதே வேலை.

இப்படி ஒரு சாயங்காலம், எதிர்பார்த்தது நடந்தது. தெருவில் புது டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். கையில் பை. செக்கிங் சார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். வா, வா. வேவு பார்க்க வந்தாயா?

டாக்டரம்மா அவர் வீட்டுக்கு வரவில்லை. எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. டாக்டரம்மா அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார், முதுகைப் பார்த்தார், புண்ணுக்குக் கட்டு மாற்றினார், அவர் மருமகளுக்கு எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று தாமே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துச் செய்துகாட்டினார். தபால்காரர் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எதிர்வரிசையிலிருந்தே தட்டிப் பார்த்தார் செக்கிங் சார். அது கெட்டியாக இருந்தது.

வெளியே வந்த டாக்டரம்மா இவரைப் பார்த்துவிட்டார்.

"சார்! தொடை எப்படி இருக்கு?"

"ம்" என்றார்.

டாக்டரம்மாவின் பார்வை அவருக்குப் பின்னால் போனது. "வாசல் திறந்தே கிடக்குதே. இருட்டப் போகுது, பூட்டிக்கோங்க சார். காலம் கெட்டுக் கிடக்குது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செக்கிங் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கதவைப் பூட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிற திருடியை அவர் கேள்விப்பட்டதில்லை. எழுந்தார், உள்ளே போனார், திரும்பி வந்தார், மறுபடி உள்ளே போனார்.

"ஏங்க" என்றாள் மனைவி. "நொண்டறதை விட்டுட்டீங்க போல."

அவர் நின்றார். வலது தொடையைத் தட்டினார். கிள்ளினார். எரிச்சலைக் காணோம். பீரோ பூட்டிக்கொண்ட மறுநாளிலிருந்தே தேய்ந்து தேய்ந்து போய்விட்டிருந்தது. பூட்டுக் கவலையில் அவர்தான் கவனிக்கவில்லை.

"முன்ன போட்ட ஊசி இப்பத்தான் வேலை செய்யுது போல" என்றார்.

"ஊசியா? இடுப்புல பெல்ட்டு இல்ல, கொத்து இல்ல. அந்தப் பொண்ணு சொன்னது இதைத்தானே?"

"இருக்கலாம்" என்றார் செக்கிங் சார். அவருடைய அகராதியில் அதற்கு, நூற்றுக்கு நூறு அதுதான் என்று அர்த்தம்.

"பாவங்க அது" என்று மனைவி தொடர்ந்தாள். "நாளைக்குப் பெரிய டாக்டர் முடிவு சொல்றாராம், வெச்சுக்கறதா அனுப்பறதான்னு. டோக்கன் அக்கா சொன்னா. அனுப்பிட்டா கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போகணும், புருஷனுக்கு வேலை இந்த ஊருலதான். எதிர்வீட்டுத் தாத்தாவை இனிமே யாரு வந்து பாப்பாங்க? ஏங்க, முகம் ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. டீயில சர்க்கரை இல்ல."

அன்று படுக்கையில் புரண்டார். 'நான் கவனிச்சுக்கறேன்' என்று பெரிய டாக்டர் கையைக் குலுக்கியது கண்முன்னே வந்தது. சரியான பூட்டைக் கழித்துக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று அவர் வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தார். அது தொடை எரிச்சலைவிட மோசமாக இருந்தது.

காலையில் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். உள்ளே நுழைந்தார். புது டாக்டரம்மாவின் அறைக் கதவில் அவர் பெயர் எழுதிய பலகை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தச்சர் ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று திருப்புளியால் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்ற?"

"பாத்தா தெரியல? பலகை வேலை."

"யாரு சொன்னது?"

"பெரிய டாக்டரு."

"நிறுத்து!"

"இப்ப நிறுத்தினா இது என் தலையில விழும்யா. தள்ளி நில்லு."

டாக்டரம்மா எங்கே என்று டோக்கன் அக்காவைக் கேட்டார். யாரோ நோயாளியைப் பார்க்க வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அதுவும் நல்லதுதான். அவர் முகத்தைப் பார்த்துப் பேச இவருக்குத் தெம்பில்லை. டோக்கன் வாங்காமலே பெரிய டாக்டரின் அறைக்குள் புகுந்தார்.

"டாக்டர்! அந்தம்மா மாதிரி ஒரு டாக்டரை நான் பாத்ததில்ல!"

"அதைத்தான் அன்னிக்கே சொன்னீங்களே" என்று பெரிய டாக்டர் சிரித்தார்.

"அது திட்டு. இது பாராட்டு. எனக்குச் சுத்தமா குணமாயிடுச்சு!"

"அப்படியா! எப்படி?"

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. ஊரில் உள்ள அத்தனை கோளாறையும் கண்டுபிடிக்கிற தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, தன் இடுப்பில் தொங்கின கோளாறைத் தானே மாட்டிக்கொண்டு திரிந்தார் என்று இத்தனை காதுக்கு முன்னால் ஒப்புக்கொள்வதா? தவிர, பெல்ட்டைத் தளர்த்தியதற்காக யாருக்காவது வேலை கொடுப்பார்களா? காப்பாற்றுவது என்று வந்துவிட்டோம், பலமாகவே காப்பாற்றுவோம்.

"நான் உங்ககிட்ட வந்து கத்தினேனில்ல? அது காதுக்குப் போனதும் அந்தம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. ஊசி போட்டாங்க."

பெரிய டாக்டரின் சிரிப்பு நின்றது. "ஊசியா? நீங்க கேட்டா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே! ரெண்டு பக்கமும்!"

"மாத்திரை?"

"கலர் கலரா. வேணும் வேணும்ங்கற வரைக்கும்."

"ஸ்கேன்..."

"தலையிலேர்ந்து கால் வரைக்கும்! வலி தொடையிலதாம்மான்னு நானே சொன்னேன். விடல. நான் என்ன கேட்டாலும் மறுபேச்சு இல்ல டாக்டர். தங்கமான பொண்ணு!"

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. ஆனந்தக் கண்ணீர் என்று செக்கிங் சாருக்குப் பட்டது.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"என் பூட்டு மேல சத்தியம்!"

பெரிய டாக்டர் நீண்ட பெருமூச்சு விட்டார். "இவங்களாவது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யப்பா, அந்த வேலையை நிறுத்து. பலகையை இங்க கொண்டா."

நிறுத்திவிட்டார்! செக்கிங் சாருக்கு உடம்பெல்லாம் காற்றடைத்த மாதிரி ஆயிற்று. மார்பை நிமிர்த்தியதில் கை நழுவி, பேன்ட் ஒரு சாண் இறங்கியது. அதைச் சமாளித்துக்கொண்டு, பாதித் தெருவுக்கும் தலையசைத்தபடி வெளியே வந்தார். டோக்கன் அக்காவின் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியாம்மா? நாலே வார்த்தைதான் பாராட்டிச் சொன்னேன். பலகையைக் கழட்டறதை உடனே நிறுத்தச் சொல்லிட்டார்!"

டோக்கன் அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கழட்டல சார், மாட்டிக்கிட்டிருந்தாங்க! இங்க வர்ற ஒவ்வொரு புது டாக்டரையும் பெரிய டாக்டர் முதல்ல உங்ககிட்டதான் விட்டுப் பாப்பார்; நீங்க மெச்சினா அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவார், நீங்க வந்து திட்டினாத்தான் வேலை நிரந்தரம்!"